கண்ணாடித் தொட்டிக்குள் ஓர் அமானிதம்



ஏரி நீரை நம்பி வாழும் ஊர் எங்கள் உத்திரமேரூர். கடற்கரைக்குச் செல்வதாயின் சாலை வழியே ஐம்பது கிலோமீட்டருக்கும் மேல் பயணம் செய்ய வேண்டும். அத்தகைய ஊரில், எங்கள் வீட்டு நடுக்கூடத்தில் உப்புநீர்த் தொட்டி ஒன்றை அமைத்து, அதில் பவளம் வளர்க்க வேண்டுமென்று எங்கள் மூத்த மகன் கேட்டபோது, நாங்கள் முதலில் சிரித்தோம். பதினொன்றாம் வகுப்பில் உயிரியல் பயிலும் அவன் சிரிக்கவில்லை. "எந்தப் பவளம் புதியவர்களுக்கு ஏற்றது என்று பார்த்து வைத்திருக்கிறேன், அத்தா" என்று ஒரு பட்டியலை நீட்டினான். பத்துப் பெயர்கள் அதில் இருந்தன. அந்தப் பட்டியலிலிருந்து இறுதியில் இரண்டே பெயர்கள் எஞ்சியது எப்படி என்பதையும், அந்த ஓராண்டில் எங்கள் குடும்பம் கற்றுக்கொண்டது என்ன என்பதையும் இங்கே பகிர்ந்துகொள்ள விரும்புகிறோம். பிள்ளைகள் இதே விருப்பத்தோடு வந்து நிற்கும் வீடுகளுக்கு இது பயன்படக்கூடும்.

எங்கள் வீட்டில் அதற்கு முன்பே ஒரு பவளம் இருந்தது. கண்ணாடி அலமாரியில், மக்காவிலிருந்து வந்த தஸ்பீஹ் மணிகளுக்கும் பழைய அத்தர்க் குப்பிகளுக்கும் நடுவே, வெண்ணிறத்தில் மரக்கிளை போன்ற ஒரு கல். மறைந்த நன்னா 1980களில் ஏர்வாடிக்கும் இராமேசுவரத்துக்கும் நன்னிமாவை அழைத்துச் சென்றபோது, கரையோரக் கடையொன்றில் வாங்கித் தந்தது. பெருநாளுக்குப் பெருநாள் நன்னிமா அதைத் தம் கையாலேயே துடைத்து வைப்பார். அது கல்லன்று, ஒருகாலத்தில் உயிரோடிருந்த ஒன்றின் எலும்புக்கூடு என்று பேரன் சொன்னபோது, அவர் நம்பவேயில்லை.

ஆனால், அதுவே உண்மை. பவளம் செடியன்று, கல்லுமன்று. அது ஒரு விலங்கு. பாலிப் எனப்படும் சின்னஞ்சிறு உயிர்கள், வாயைச் சுற்றிக் கொடுக்குகள் போன்ற இழைகளோடு, கூட்டங்கூட்டமாக வாழ்கின்றன. அவற்றுள் கல் பவளங்கள் எனப்படுபவை கடல்நீரிலிருந்து சுண்ணாம்பைப் பிரித்தெடுத்துத் தமக்கென வீடு கட்டிக்கொள்கின்றன. அவற்றின் தசைக்குள்ளே கண்ணுக்குத் தெரியாத பாசிகள் குடியிருக்கின்றன. பாசி ஒளியை உண்டு உணவு சமைக்கின்றது. அதில் பெரும்பங்கைப் பவளத்துக்குக் கொடுக்கின்றது. பவளம் பாசிக்கு இடம் கொடுக்கின்றது. நீரின் வெப்பம் இயல்பைவிட ஒன்றிரண்டு டிகிரி உயர்ந்து சில வாரங்கள் நீடித்தாலே இந்த உறவு முறிகின்றது. பாசி வெளியேறுகின்றது. பவளம் வெளிறிப் பசியால் மடிகின்றது.

சூரத்துர் ரஹ்மானில் இரு கடல்களைப் பற்றியும், அவற்றிலிருந்து வெளிப்படும் முத்தையும் மர்ஜானையும் பற்றியும் அல்லாஹ் குறிப்பிடுகின்றான். மர்ஜான் என்பதற்குச் சிறுமுத்து என்று பொருள் கூறும் விரிவுரையாளர்களும் உண்டு. பவளம் என்று கூறுவோரும் உண்டு. எப்பொருளாயினும், அதே அத்தியாயத்தின் தொடக்கத்தில் வானத்தை உயர்த்தித் தராசை நிலைநாட்டியதாகவும், அத்தராசில் வரம்பு மீறலாகாது என்றும் கூறப்படுகின்றது. பலமுறை ஓதிய அத்தியாயந்தான். தராசும் மர்ஜானும் ஒரே அத்தியாயத்தில் இவ்வளவு அருகருகே இருப்பதை, ஒரு மீன் தொட்டியின் பொருட்டுத்தான் நாங்கள் கவனித்தோம்.

தொட்டி வாங்கினோம். ஏறக்குறைய 100 லிட்டர் கொள்ளளவு. அடுத்து நடந்ததைச் சொல்ல வெட்கமாகவே இருக்கின்றது. உப்புநீரை நிரப்பிய ஒன்பதாம் நாளே இரண்டு கோமாளி மீன்களை வாங்கி விட்டுவிட்டோம். நீர் தெளிவாக இருந்தது, அதுவே போதுமென்று எண்ணினோம். மூன்றாம் நாள் ஒன்றும் ஐந்தாம் நாள் மற்றொன்றும் இறந்தன. இளைய மகள் அவற்றை முருங்கை மரத்தடியில் புதைத்துவிட்டு, அன்றிரவு உண்ண மறுத்தாள்.

காரணம் எளியது. மீனின் கழிவிலிருந்து அம்மோனியா உண்டாகின்றது. அது நஞ்சு. ஒருவகை நுண்ணுயிர் அதை நைட்ரைட்டாகவும், மற்றொரு வகை நைட்ரைட்டை, ஓரளவு தீங்கற்ற நைட்ரேட்டாகவும் மாற்றுகின்றன. புதிய தொட்டியில் அந்த நுண்ணுயிர்கள் இல்லை. அவை கற்களில் குடியேறிப் பெருக நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அதுவரை தொட்டியில் உயிர் எதையும் விடக்கூடாது. நீரின் தெளிவு எதற்கும் சான்றாகாது. சோதனைக் குப்பியில் அம்மோனியாவும் நைட்ரைட்டும் சுழி என்று காட்டினால்தான் தொட்டி தயார் என்று பொருள். கடைக்காரர் இதைச் சொல்லவில்லை. ஆயினும், கேட்டறிந்திருக்க வேண்டியவர்கள் நாங்கள்தாம்.

பூனையொன்றைக் கட்டிவைத்து, உணவும் கொடாமல், தானே இரை தேடவும் விடாமல் சாகவிட்ட பெண்ணைப் பற்றி நபி (ஸல்) அவர்கள் எச்சரித்த செய்தியை நாம் சிறுவயது முதல் கேட்டு வருகிறோம். அடைத்து வைத்தவர் மீது, அடைபட்ட உயிரின் தேவை அனைத்தும் கடமையாகிவிடுகின்றது. கூட்டிலிருப்பது பூனையாயினும் தொட்டியிலிருப்பது மீனாயினும் கடமை ஒன்றே. அதே வேளையில், அனஸ் (ரலி) அவர்களின் இளைய சகோதரர் அபூ உமைர் என்னும் சிறுவர் ஒரு சிட்டுக்குருவியை வைத்திருந்ததையும், அது இறந்தபோது வாடியிருந்த அச்சிறுவரிடம் நபி (ஸல்) அவர்கள் அன்போடு அதைப் பற்றி விசாரித்ததையும் நாம் அறிவோம். உரிய பராமரிப்போடு உயிரினங்களை வளர்ப்பதற்கு அனுமதி உண்டு என்பதற்கு அறிஞர்கள் இச்செய்தியை ஆதாரமாகக் காட்டுவர். அன்றிரவு இரண்டு செய்திகளையும் மகளுக்குச் சொன்னோம். அபூ உமைரின் கதை அவளுக்கு ஆறுதலாயிற்று. பூனையின் கதை எங்களுக்கு உரியதாயிற்று.

அதன்பின் தொட்டியைக் காலியாகவே ஓடவிட்டோம். கடலிலிருந்து எடுத்த பாறையை நாடாமல், செயற்கையாகச் செய்த நுண்துளைக் கற்களை அடுக்கினோம். மணல் இடாமல் அடித்தளத்தை வெறுமையாக விட்டோம். சுத்தம் செய்ய அது எளிது. ஒரு துண்டு இறாலை அழுகவிட்டு அம்மோனியாவை உண்டாக்கி, வாரம் இருமுறை சோதித்தோம். கற்களின் மீது பழுப்புப் பாசி படர்ந்தது, பின்னர் மறைந்தது. ஆறாம் வாரம் இரு குப்பிகளும் சுழி காட்டின.

எங்கள் ஊரின் நீரும் வெயிலும் மின்சாரமும் தனித்தனியே பாடம் நடத்தின. ஆழ்குழாய் நீர் கடினமானது. அதில் கரைந்துள்ளவை பவளத்துக்கு ஒவ்வா. ஆகவே ஆர்ஓ கருவியில் வடித்த நீரில், இதற்கென விற்கப்படும் கடலுப்புக் கலவையை லிட்டருக்கு ஏறக்குறைய 35 கிராம் வீதம் கரைக்க வேண்டும். சமையல் உப்பு உதவாது. வடிக்கும்போது கழியும் நீர் மிகுதி என்பது எங்களை உறுத்திற்று. ஓடும் ஆற்றில் உளூச் செய்தாலும் நீரை வீணாக்கலாகாது என்று கற்பிக்கப்பட்ட சமுதாயம் நாம். அந்தக் கழிவுநீரைக் குடங்களில் பிடித்து வாசல் கழுவவும் பாத்திரம் அலசவும் பயன்படுத்துகிறோம்.

கோடையில் தொட்டி நீர் நாளொன்றுக்கு ஒரு விரற்கடை குறையும். குறைந்ததை ஈடுசெய்ய உப்புநீர் ஊற்றக்கூடாது. ஆவியாவது நீர் மட்டுமே, உப்பு தொட்டியிலேயே தங்கிவிடுகின்றது. வடித்த நன்னீரைத்தான் ஊற்ற வேண்டும். இதை அறியாமல் உப்புநீரையே ஊற்றி வந்தால், சில வாரங்களில் தொட்டி கடலைவிட உப்பாகிவிடும். சித்திரை, வைகாசியில் நீர்ப்பரப்பின் மீது சிறு மின்விசிறி ஒன்றைச் சுழலவிடுகிறோம். அது இரண்டு மூன்று டிகிரி குறைத்துத் தருகின்றது. 28 டிகிரியைத் தாண்டவிடாமல் காப்பதே எங்கள் இலக்கு. மின்தடைக்கென மின்கலத்தில் இயங்கும் காற்றுக் குழாய் ஒன்று எப்போதும் அருகில் இருக்கும்.

இத்தனைக்குப் பிறகே மகனின் பட்டியலுக்கு வந்தோம். அதில் முதலிடம் பெற்றவை ஹேமர், டார்ச், டங்கன், கேண்டி கேன் என்னும் பவளங்கள். அமெரிக்காவிலும் ஐரோப்பாவிலும் இருந்து வரும் காணொளிகள் யாவும் இவற்றைப் புதியவர்களுக்கு ஏற்றவை என்று பரிந்துரைக்கின்றன. பொய்யும் அன்று. ஆனால், அப்பரிந்துரை அந்நாடுகளுக்கு உரியது. இவை நான்கும் கல் பவளங்கள். இந்தியாவின் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம், 1972இன் முதல் அட்டவணையில், புலியும் யானையும் இடம்பெற்ற அதே அட்டவணையில், 2001ஆம் ஆண்டு முதல் கல் பவளங்கள் அனைத்தும் சேர்க்கப்பட்டுள்ளன. அவற்றோடு கரும்பவளங்கள், நெருப்புப் பவளங்கள், குழல் பவளம், கடல்விசிறிகள் ஆகியவையும் சேர்க்கப்பட்டன. நம் கடலிலிருந்து இவற்றை எடுப்பதும் விற்பதும் வாங்குவதும் குற்றம். முதல் அட்டவணை உயிரினம் தொடர்பான குற்றத்துக்கு மூன்று ஆண்டுகள் முதல் ஏழு ஆண்டுகள் வரை சிறைத்தண்டனை உண்டு. 2022ஆம் ஆண்டுத் திருத்தத்தின்படி அபராதம் 25,000 ரூபாய்க்குக் குறையாது.

சென்னையில் ஒரு கடையில் டார்ச் பவளம் ஒன்றைக் கண்டோம். பொன்னிற நுனிகள் நீரில் அசைய, மகன் அதன் முன் நெடுநேரம் நின்றான்.

"இது எங்கிருந்து வந்தது?" என்று கேட்டோம்.

"இறக்குமதி, பாய். கவலைப்படாதீங்க" என்றார் கடைக்காரர்.

"அதற்குரிய காகிதம் இருக்குமா?"

"எல்லாரும் வாங்குறாங்க, பாய். யாரும் காகிதம் கேட்டதில்ல."

பன்னாட்டு வணிகத்தில் கல் பவளங்களுக்குக் கட்டுப்பாடு உண்டு. அரிய உயிரினங்களின் வணிகம் பற்றிய பன்னாட்டு உடன்படிக்கையில் இந்தியா 1976 முதல் உறுப்பு நாடு. வெளிநாட்டிலிருந்து முறையாக வருவதாயின் அதற்கான ஆவணம் இருந்தே ஆக வேண்டும். அப்படிப்பட்டவற்றை வைத்திருப்போர் பதிவு செய்துகொள்ளும் கடமையையும் 2022 திருத்தம் கொண்டுவந்தது. ஆவணம் இல்லாதபோது, அது இந்தோனேசியப் பண்ணையிலிருந்து வந்ததா, நம் மன்னார் வளைகுடாவிலிருந்து இரவோடிரவாகப் பெயர்த்தெடுக்கப்பட்டதா என்று யாரால் சொல்ல இயலும்?

ஹலால் தெளிவானது, ஹராமும் தெளிவானது, இரண்டுக்கும் நடுவே ஐயத்துக்குரியவை உள்ளன, அவற்றைத் தவிர்ந்துகொண்டவர் தம் மார்க்கத்தையும் மானத்தையும் காத்துக்கொண்டார் என்னும் கருத்தில் நுஃமான் இப்னு பஷீர் (ரலி) அறிவிக்கும் நபிமொழியை நாம் உணவு விஷயத்தில் எத்தனை முறை எடுத்துக்காட்டுகிறோம்! கடையில் தொங்கும் இறைச்சியைக் கண்டால், அறுத்தவர் யார், எப்படி அறுத்தார் என்று கேட்காமல் வாங்குவதில்லை. கண்ணுக்கு அழகாக இருப்பதற்கென வாங்கும் உயிரைப் பற்றி மட்டும் அக்கேள்வி ஏன் நம் நாவில் எழுவதில்லை? மகன் ஒன்றும் பேசாமல் வெளியே வந்தான். வீடு திரும்பும் பேருந்தில், செங்கல்பட்டைத் தாண்டிய பிறகு, பட்டியலை எடுத்து நான்கு பெயர்களையும் தானே அடித்தான்.

எஞ்சிய ஆறில், தொடக்கநிலைக்கு மிக எளியதென்று பலரும் கூறுவது பச்சை நட்சத்திரப் பவளம். புல்வெளி போலக் கல்லைப் போர்த்தும் அதை வளர்க்கத் திறமை எதுவும் வேண்டியதில்லை. ஆனால், சில உயிரியல் வகைப்பாடுகளில் அது கடல்விசிறிகளின் கூட்டத்தோடு சேர்த்து வைக்கப்படுகின்றது. நம் சட்டமோ கடல்விசிறிகள் அனைத்தையும் காக்கின்றது. வல்லுநர்கள் வகைப்படுத்துவதில் வேறுபடும் ஒன்றை, உத்திரமேரூரில் ஒரு குடும்பம் தன் வசதிக்கேற்பத் தீர்த்துக்கொள்ளலாகாது என்று அதையும் விட்டோம்.

ஸொயாந்திட்டுகள் அடுத்தவை. சிறு சிறு பூக்களைப் போல் பல வண்ணங்களில் விரியும். உறுதியானவை, விரைவில் பெருகுபவை. ஆனால், அவற்றுள் சில இனங்களில் பாலிடாக்ஸின் என்னும் கொடிய நஞ்சு உண்டு. கையில் வெட்டுக்காயத்தோடு அவற்றைத் தொட்டவர்களும், அவை ஒட்டியிருந்த கல்லைச் சுத்தம் செய்வதாக எண்ணிக் கொதிநீரில் இட்டு அந்த ஆவியை முகர்ந்தவர்களும் மருத்துவமனைக்குச் செல்ல நேர்ந்திருக்கின்றது. கையுறையும் கண்காப்பும் அணிந்து வளர்ப்போர் பலர் உளர். எங்கள் வீட்டிலோ தொட்டி நடுக்கூடத்தில் இருக்கின்றது. இளைய மகள் நாற்காலி போட்டு ஏறிக் கைவிட்டுப் பார்ப்பவள். ஆகவே அதுவும் நீங்கிற்று. மூச்சுவிடுவது போல் கைகளை மூடித் திறக்கும் ஸீனியா மகனுக்கு மிக விருப்பமானது. ஆனால், அது இடம் கொடுத்தால் தொட்டி முழுவதையும் பிடித்துக்கொள்ளும். சிறு தொட்டியில் மற்றவற்றுக்கு இடமிராது. மீதமிருந்த ஒரு பெயரை, விற்பவர் இருவரும் இருவேறு விதமாக இனங்காட்டியதால் கைவிட்டோம்.

இறுதியில் எஞ்சியவை மஷ்ரூம் பவளமும் லெதர் பவளமும். இரண்டும் சுண்ணாம்பு எலும்புக்கூடு கட்டாதவை. ஆகவே கல் பவளத்துக்கு வேண்டிய அளவு கால்சியத்தை நாள்தோறும் ஈடுகட்டும் தேவை இல்லை. வாரம் ஒருமுறை பத்தில் ஒரு பங்கு நீரை மாற்றினால் அவற்றுக்குப் போதும். மஷ்ரூம், காளானின் குடை போல் தட்டையாக விரியும். மிகுந்த ஒளியையும் வேகமான நீரோட்டத்தையும் அது விரும்பாது. தொட்டியின் அடியில், நிழல் சார்ந்த மூலையே அதற்கு உகந்தது. கல்லில் ஊர்ந்து செல்லும்போது தன் அடித்தசையின் துணுக்கை விட்டுச்செல்லும். அத்துணுக்கே புதிய மஷ்ரூமாக வளரும். லெதர் பவளத்துக்கு நடுத்தர ஒளியும் சற்றே வேகமான நீரோட்டமும் வேண்டும். அது வேதிப்பொருள்களை நீரில் கசியவிட்டு அண்டை வீட்டாரை விரட்டும் இயல்புடையது என்பதால், கரித்துண்டு வடிகட்டி ஒன்றை வைத்து, இரண்டையும் எதிரெதிர் மூலைகளில் அமர்த்தினோம்.

இவ்விரண்டையும் கடலிலிருந்து வந்தவையாக நாங்கள் வாங்கவில்லை. சென்னையில் தம் தொட்டியிலேயே பல ஆண்டுகளாக வெட்டிப் பெருக்கி வரும் ஒருவரிடம், தாய்ப் பவளத்தைக் கண்ணால் பார்த்துவிட்டே பெற்றோம். மீனும் அவ்வாறே. கோமாளி மீன்களைக் கடலில் பிடிக்காமல் குஞ்சு பொரிப்பகத்திலேயே வளர்க்கும் முறையை மண்டபத்திலுள்ள மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையம் உருவாக்கியிருக்கின்றது. அத்தகைய வளர்ப்பு மீன்களே இரண்டு இப்போது எங்கள் தொட்டியில் உள்ளன.

இப்படியெல்லாம் கேட்டுக் கேட்டு வாங்கிய பிறகு, அலமாரியிலிருந்த வெண்பவளம் எங்களைப் பார்த்துக் கொண்டிருந்தது. கடைக்காரரிடம் காகிதம் கேட்ட நாங்கள், எங்கள் வீட்டுக் கல் பவளத்துக்கு எந்தக் காகிதத்தைக் காட்டுவோம்? அது வாங்கப்பட்டது கல் பவளங்கள் அட்டவணையில் சேர்க்கப்படுவதற்கு முன்பு என்பது உண்மை. ஆனால், அட்டவணையில் உள்ள உயிரின் எலும்புக்கூட்டை உரிமைச் சான்று எதுவுமின்றி வீட்டில் வைத்திருப்பது இன்று சரியன்று என்பதை மகன் எடுத்துக் காட்டினான். நன்னிமாவிடம் சொல்ல எங்களில் எவருக்கும் துணிவில்லை. நன்னா தந்த பொருள்களில் அவரிடம் எஞ்சியிருந்தது அது ஒன்றே.

கடைசியில் மகனே ஒரு மாலை, மஃரிபுக்குப் பின், அவர் அருகில் அமர்ந்து சொன்னான். சட்டத்தைப் பற்றிச் சொல்லவில்லை. தூத்துக்குடிக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கடலில் இருக்கும் இருபத்தொரு தீவுகளைப் பற்றிச் சொன்னான். கீழக்கரைக்கு நேர் எதிரே கிடக்கும் தீவுகளும் அவற்றில் அடக்கம். 1986இல் அரசு அவற்றைக் கடல்வாழ் உயிரினத் தேசியப் பூங்காவாக அறிவித்தது. அத்தீவுகளைச் சுற்றியிருந்த பவளப்பாறைகளைச் சுண்ணாம்புக்காகவும் கட்டடத்துக்காகவும் பல பத்தாண்டுகள் வண்டி வண்டியாக வெட்டியெடுத்தார்கள். அலையைத் தடுத்துக்கொண்டிருந்த அரண் போயிற்று. அலை நேரே மணலை அரித்தது. விலங்குசல்லி, பூவரசன்பட்டி என்னும் இரண்டு தீவுகள் நீருக்கடியில் மூழ்கிவிட்டன. எஞ்சிய பாறைகளையும் 2010இலும் 2016இலும் கடலின் வெப்பம் வெளிறச் செய்தது. தூத்துக்குடியிலுள்ள சுகந்தி தேவதாசன் கடல் ஆராய்ச்சி நிறுவனத்தார் 2002 முதல் உடைந்த பவளத் துண்டுகளைக் கடலடியில் கட்டி நட்டு, அந்த இடங்களைத் திரும்ப உயிர்ப்பிக்க முயன்று வருகிறார்கள். கரைந்துவரும் வான் தீவைக் காக்க அதைச் சுற்றிச் செயற்கைப் பாறைகளை இறக்கியிருக்கிறார்கள்.

நன்னிமா நெடுநேரம் பேசவில்லை. பிறகு, "தீவு முழுகிப்போச்சா? அதுல மனுசங்க இருந்தாங்களா?" என்று கேட்டார். குடியிருப்பு இல்லை, ஆனால் மீனவர்கள் வந்துபோகும் தீவுகள் என்றான்.

"இந்த ஒரு துண்டுனால முழுகியிருக்காதே, ராஜா."

"இல்ல நன்னிமா. ஆனா வந்தவங்க எல்லாரும் ஆளுக்கொரு துண்டுதான் எடுத்திருப்பாங்க."

நன்னாவின் மீது குற்றம் எதுவும் இல்லை என்பதை அவரிடம் சொன்னோம். அறியாமல், அக்காலத்தில் எல்லாரும் செய்தது போலவே, மனைவிக்கு அன்பாக வாங்கித் தந்தார். அல்லாஹ் எண்ணங்களை அறிந்தவன். அறிந்துகொண்ட பின் என்ன செய்கிறோம் என்பதே நம்மிடம் கேட்கப்படும். மறுநாள் ஃபஜ்ருக்குப் பின் நன்னிமா அந்தப் பவளத்தைக் கடைசியாக ஒருமுறை துடைத்து, வெள்ளைத் துணியில் சுற்றி, "கொண்டுபோய்க் குடுத்துடுங்க. எங்க கேப்பாங்களோ அங்க பதில் சொல்ல எனக்குத் தெம்பில்ல" என்றார். வனத்துறை அலுவலகத்தில் விவரத்தை எழுதிக் கொடுத்து ஒப்படைத்தோம். அங்கிருந்தவர்கள் கனிவோடு பெற்றுக்கொண்டார்கள். அலமாரியில் அந்த இடம் இன்றும் வெறுமையாகவே இருக்கின்றது. அதில் வேறொன்றை வைக்க நன்னிமா விடவில்லை.

கடலில் இருந்து உணவும் அணிகலனும் பெற அல்லாஹ் அனுமதித்திருக்கும்போது இவ்வளவு கெடுபிடி தேவையா என்று உறவினர் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்வியே. கடல் நமக்கு வசப்படுத்தித் தரப்பட்டது என்பதில் ஐயமில்லை. ஆயினும், நாமும் பிறருக்குத் தீங்கிழைக்கலாகாது என்பது நம் மார்க்கத்தின் அடிப்படை நெறிகளுள் ஒன்று. மீனவரின் வலைக்கு வரும் மீன் குஞ்சாக வளர்வது அந்தப் பாறைகளில். கரையோரத்துக் குடிசையை அலையிலிருந்து காப்பதும் அந்தப் பாறையே. நம் கூடத்தின் அழகுக்காக அவர்களுடைய அரணிலிருந்து ஒரு கல்லை உருவுவது அனுமதிக்குள் அடங்காது. செலவைப் பற்றியும் அவர் கேட்டார். அதற்கு எங்களிடம் முழுமையான பதில் இல்லை. உப்புக்கும் மின்சாரத்துக்கும் மாதந்தோறும் ஆகும் தொகையை மகன் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறான். அதே அளவு தொகையை ஸதகாப் பெட்டியில் இடுவது என்று வீட்டில் முடிவு செய்தோம். அதைக் கொடுக்க இயலாத மாதம் வந்தால், தொட்டியைத் தொடர்வதற்கும் நமக்குத் தகுதியில்லை என்பதே எங்கள் கணக்கு.

கணக்கு என்றதும் எங்கள் ஊரைப் பற்றி ஒன்று சொல்லத் தோன்றுகின்றது. குடவோலைத் தேர்தலைக் கூறும் பராந்தக சோழன் காலத்துக் கல்வெட்டுகள், ஏறக்குறைய 1,100 ஆண்டுகளுக்கு முற்பட்டவை, உத்திரமேரூரில்தான் உள்ளன. ஏரியைப் பராமரிக்கத் தனி வாரியம் இருந்ததையும், பொறுப்பு வகித்துக் கணக்குக் காட்டாதவர் மீண்டும் தேர்ந்தெடுக்கப்படும் தகுதியை இழந்ததையும் அவை கூறுகின்றன. பள்ளிக்கூடப் பருவத்தில் மதிப்பெண்ணுக்காகப் படித்த செய்தி அது. நீரைக் காக்கும் பொறுப்பை ஏற்றவர் கணக்குக் காட்டியாக வேண்டும் என்பது ஓர் ஏரிக்குப் பொருந்துமாயின், 100 லிட்டர் நீருக்கும் பொருந்துந்தானே? மறுமையில் ஒவ்வொரு அமானிதத்துக்கும் கணக்குண்டு என்று நம்பும் நமக்கு அது இன்னும் அழுத்தமாகப் பொருந்தும்.

சென்ற ரமளானில் லெதர் பவளம் திடீரெனச் சுருங்கிற்று. இழைகள் அனைத்தையும் உள்ளிழுத்துக்கொண்டு, மேலே மெழுகு பூசியது போல் மங்கிப்போயிற்று. ஒரு நாள், இரண்டு நாள், நான்கு நாள். மீன்கள் இறந்த நினைவு எல்லாருக்கும் வந்தது. மகன் ஸஹருக்கு எழும்போதெல்லாம் கைவிளக்கோடு தொட்டியருகே நின்றான். உப்பளவைச் சோதித்தான், வெப்பத்தைச் சோதித்தான், எல்லாம் சரியாகவே இருந்தன. மருந்து ஊற்றலாமா என்று கேட்டான். மீன் மருந்துகள் பலவற்றில் செம்பு உண்டு. செம்பு பவளத்தைக் கொல்லும். ஒன்றும் செய்யாதே, பொறுத்திரு என்றோம். லெதர் பவளம் அவ்வப்போது தன் மேல்தோலை உரித்துக்கொள்ளும் என்றும், அதற்குப் பல நாள்கள் மூடியிருக்கும் என்றும் அவனுக்கு அதைத் தந்தவர் சொல்லியிருந்தார். ஆயினும், சொல்லக் கேட்பது வேறு, கண்ணெதிரே பொறுத்திருப்பது வேறு. ஏழாம் நாள் அந்தத் தோல் நீரோட்டத்தில் கிழிந்து போயிற்று. ஒன்பதாம் நாள் தராவீஹ் தொழுது திரும்பியபோது இழைகள் அத்தனையும் வெளியே வந்திருந்தன. அல்ஹம்துலில்லாஹ் என்று முதலில் சொன்னவர் நன்னிமா.

எனவே, புதிதாகத் தொடங்கும் குடும்பங்களுக்கு எங்கள் வேண்டுகோள் இவ்வளவே. ஆறு வாரங்கள் தொட்டியைக் காலியாக ஓடவிடுங்கள். எலும்புக்கூடு கட்டாத மென்பவளத்தில் தொடங்குங்கள். முதல் ஆண்டுக்கு ஒரு மஷ்ரூம் போதும். அது எங்கிருந்து வந்தது என்று கேளுங்கள். தெளிவான பதில் வராத இடத்தில் பணப்பையைத் திறவாதீர்கள். பிள்ளைகள் முன்னிலையிலேயே கேளுங்கள், அவர்கள் முன்னிலையிலேயே மறுத்துத் திரும்புங்கள். எது வளர்ப்பதற்கு எளிது என்றுதான் நாங்கள் தேடத் தொடங்கினோம். எது நம் பொறுப்பில் ஒப்படைக்கப்படத் தக்கது என்று கேட்டிருக்க வேண்டும் என்பதை மீன்களும் நன்னிமாவும் கற்றுத்தந்தார்கள்.

மஷ்ரூம் இப்போது ஒன்று மூன்றாகியிருக்கின்றது. ஒன்றை வெட்டி, மதரஸாவில் உடன் பயிலும் நண்பன் ஒருவனுக்குக் கொடுக்க மகன் எண்ணியிருக்கிறான். ஆறு வாரச் சோதனைக் கணக்கை எழுதிக் காட்டினால்தான் தருவேன் என்று அவனிடம் நிபந்தனை விதித்திருக்கிறானாம்.

நம் பொறுப்பில் விடப்பட்ட சிறிய உயிர்களிடத்தும் நேர்மையோடு நடந்துகொள்ள வல்ல அல்லாஹ் நம் அனைவருக்கும் தவ்ஃபீக் செய்வானாக! ஆமீன்.